மாலைக்கு ஒரு புதுப் பூ: திசு வளர்ப்பும் கலப்பினப் பூக்களும்

ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவம் நடக்கும்போது, கருட சேவைக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை போகும். சித்திரையில் மதுரை வைகையில் அழகர் இறங்கும்போதும் அதே கோவில் மாலைதான். துளசி, செவ்வந்தி, சம்பங்கி ஆகியவற்றை வைத்துக் கட்டும் அந்த மாலையைப் பார்க்கிற யாருக்கும் "இது காலங்காலமாக இப்படியேதான் இருந்திருக்கும்" என்றுதான் தோன்றும்.

ஆனால் தாவரவியல் புத்தகத்தைத் திறந்தால் கதை வேறு! துளசி இந்த நாட்டுச் செடி. தோட்டத்துச் செவ்வந்தியின் பூர்வீகம் சீனா. சம்பங்கி என்று பூக்கடையில் எடை போட்டுக் கொடுக்கிறார்களே, அந்த நிலச்சம்பங்கியின் சொந்த ஊர் மெக்ஸிகோ. கொலம்பஸ் காலத்துக்கு முன்பு இந்தியாவில் அது இருந்திருக்க வழியே இல்லை. அதாவது பெரியாழ்வார் வளர்த்த நந்தவனத்தில் இந்தச் சம்பங்கி கிடையாது. எங்கிருந்தோ வந்த பூ, மணத்தாலும் நிறத்தாலும் இடம்பிடித்து, கடைசியில் பெருமாள் தோள் வரைக்கும் போய்விட்டது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "ஹைப்ரிட் பூ", "திசு வளர்ப்புப் பூ" என்று பேச்சு வந்தாலே இரண்டு விதமான குரல்கள் கேட்கின்றன. ஒன்று, "ஐயோ, பாரம்பரியம் போச்சு" என்ற பயம். இன்னொன்று, "லேபில் பாட்டிலுக்குள் வைத்தால் போதும், புதுசு புதுசாகப் பூ வந்துவிடும்" என்ற கனவு. இரண்டுமே தப்பு. எங்கே தப்பு என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

திசு வாழை தெரியும்தானே?

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கம் எந்த விவசாயியிடம் கேட்டாலும் "திசு வாழை" என்ற வார்த்தை தெரியும். ஜி9 வாழைக் கன்றுகள் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் வருவதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். அதைப் பலர் "ஒட்டு ரகம்" என்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய் "ஜீனை மாற்றிய வாழை" என்கிறார்கள்.

உண்மையில் ஜி9 என்பது கேவண்டிஷ் என்ற வாழைக் குடும்பத்தின் ஒரு ரகம். திசு வளர்ப்பு அதை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ரகத்தைப் பிரதி எடுத்தது, அவ்வளவுதான். ஒரு நல்ல நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு முழுக்கக் கொடுப்பது போல. மெஷின் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும், நோட்ஸில் இல்லாத பதிலை அது எழுதித் தராது!

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

1902-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹேபர்லாண்ட் என்ற விஞ்ஞானி, செடியின் ஒரு தனி செல்லிலிருந்தே முழுச் செடியையும் வளர்க்க முடிய வேண்டும் என்று சொன்னார். அவர் செய்து பார்த்தபோது சரியாக வரவில்லை. ஆனால் யோசனை சரி. 1950-களில் ஸ்கூக், மில்லர் இருவரும் ஆக்ஸின், சைட்டோகைனின் என்ற இரண்டு ஹார்மோன்களின் விகிதத்தை மாற்றினால் திசுவிலிருந்து வேர் வரவேண்டுமா, தளிர் வரவேண்டுமா என்று தீர்மானிக்கலாம் எனக் காட்டினார்கள். 1962-ல் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக ஒரு சத்துக் கலவையை வெளியிட்டார்கள். இன்றைக்கும் எந்தக் கல்லூரி லேபுக்குப் போனாலும் எம்.எஸ். மீடியம் என்று முதலில் கரைப்பது அதைத்தான்.

வேலை இப்படி நடக்கும். நல்ல தாய்ச்செடியின் நுனித் தளிரைச் சின்னதாக வெட்டி, கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புகளும் ஹார்மோனும் கலந்த அகார் கூழின்மேல் வைப்பார்கள். கூழையும் பாட்டிலையும் முன்கூட்டியே 121 டிகிரி வெப்பத்தில் ஆட்டோகிளேவில் வேக வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு பூஞ்சை வித்து உள்ளே போனால் போதும், மூன்று நாளில் பாட்டில் முழுக்க வெள்ளைப் பஞ்சுதான். எல்லாம் சரியாக நடந்தால் சில வாரங்களில் ஒரு தளிர் இரண்டு மூன்றாகும். அவற்றைப் பிரித்துப் புதுப் பாட்டில்களில் வைக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு ஒன்று மூன்றாகப் பெருகினால், 12 மாதத்தில் ஒரே தளிரிலிருந்து 5,31,441 தளிர்கள். நடைமுறையில் கெட்டுப்போவது, காய்ந்துபோவது, வெளியே எடுத்து நிழல்வலைக்குடிலில் பழக்கும்போது வாடுவது என்று நிறையக் கழியும். அப்படிக் கழித்தாலும் எந்தப் பதியனும் குச்சி நடவும் இந்த வேகத்துக்கு வராது.

வைரஸ் பிரச்சினைக்கும் இதில் வழி உண்டு. செடி முழுக்க வைரஸ் இருந்தாலும் நுனியின் கடைசிப் புள்ளியில் பெரும்பாலும் இருக்காது. 1960-ல் பிரான்ஸைச் சேர்ந்த மோரெல் இந்த நுனித் திசுவை வைத்து ஆர்க்கிட் செடிகளை வைரஸ் இல்லாமல் எடுத்துக் காட்டினார். ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டுக் கண்ணாடிக் கூண்டில் மட்டும் இருந்த ஆர்க்கிட், இன்று கல்யாண மேடையில் கட்டுக்கட்டாக நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இதில் எங்கேயாவது "கலப்பு" வந்ததா? வரவில்லை. அத்தனை லட்சம் செடியும் ஒரே செடிதான்.

அப்படியானால் கலப்பினம் எப்படி வருகிறது?

பழைய வழியில்தான். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். காய் பிடித்து, விதை முற்றி, விதைத்து, வருகிற நூற்றுக்கணக்கான செடிகளில் எது நல்லது என்று கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் பொறுமைக்கும்தான் இதில் வேலை.

சிங்கப்பூரின் தேசிய மலர் ஒரு கலப்பின ஆர்க்கிட். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்திலிருந்து 1893-ல் அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஹேபர்லாண்ட் தன் யோசனையைச் சொல்லவே இன்னும் ஒன்பது வருடம் பாக்கி!

அவ்வளவு தூரம் போகவேண்டாம், கொடைக்கானலுக்குப் போகலாம். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு அங்கே குடியேறிய விரு வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும் பல வருடங்களாக ரோஜாக்களைக் கலப்பினம் செய்தார்கள். ஐரோப்பியக் குளிருக்காக உருவான ரோஜா இந்த ஊர் வெயிலில் திணறுகிறதே என்று யோசித்து, ரோஸா ஜைஜான்டியா, ரோஸா கிளைனோஃபில்லா என்ற இந்தியக் காட்டு ரோஜாக்களை எடுத்துக் கலந்தார்கள். வெப்பமான ஊருக்கு ஏற்ற ரோஜா என்பதுதான் குறிக்கோள். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரையும் ஒரு ரோஜாவுக்கு வைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் முதலில் கேட்ட கேள்வி. "எந்த ஊருக்கு, எப்படிப்பட்ட பூ வேண்டும்?" அதன் பிறகுதான் மகரந்தம், விதை எல்லாம்.

பாட்டில் நிஜமாகவே உதவும் இடம்

அப்படியென்றால் கலப்பினத்தில் திசு வளர்ப்புக்கு வேலையே இல்லையா? உண்டு. ரொம்ப முக்கியமான வேலை.

தூரத்துச் சொந்தமான இரண்டு இனங்களைக் கலந்தால் பல சமயம் கரு உருவாகும், ஆனால் அதற்குச் சாப்பாடு கொடுக்கும் திசு சரியாக வளராது. விதை சுருங்கிக் கரு செத்துப்போகும். 1925-ல் ஜெர்மனியின் லைபாக் ஆளிச் செடியில் அப்படிச் சாகவிருந்த கருவை வெளியே எடுத்து, சர்க்கரைக் கரைசல் கொடுத்து வளர்த்துச் செடியாக்கினார். குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரில் வைப்பது போலத்தான். இதற்குக் கரு மீட்பு என்று பெயர். இன்று பெரிய ஊர்ப் பூக்கடைகளில் விற்கும் எல்.ஏ. லில்லிகள் இரண்டு வேறு வேறு லில்லி வகைகளின் கலப்பு. கரு மீட்பு இல்லையென்றால் அவை கிடையாது.

இதில் இந்தியாவின் பங்கும் சாதாரணமில்லை. 1962-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் காந்தா, ரங்கசாமி, மகேஸ்வரி மூவரும் கசகசாச் செடியின் சூலையும் மகரந்தத்தையும் சோதனைக் குழாய்க்குள்ளேயே சேர்த்து விதை உண்டாக்கிக் காட்டினார்கள். 1964-ல் அதே பல்கலைக்கழகத்தில் குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து பாதி குரோமோசோம் கொண்ட செடிகளை எடுத்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. பயோடெக்னாலஜி பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக மட்டும் இவை நின்றுபோனதுதான் வருத்தம்.

இதையும் மரபணு மாற்றத்தையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. ஜப்பானில் 2009-ல் விற்பனைக்கு வந்த "நீல" ரோஜா வேறு செடியின் ஜீனைப் புகுத்திச் செய்தது. கரு மீட்பில் அப்படி எதுவும் இல்லை. மகரந்தமும் சூலும் சேர்ந்த அதே பழைய கதைதான், நடுவில் ஒரு கை கொடுக்கிறார்கள்.

சம்பங்கி சொல்லும் பாடம்

இப்போது மறுபடியும் மாலைக்கு வரலாம். மெக்ஸிகோவிலிருந்து வந்த சம்பங்கி இங்கே வந்த பிறகு அப்படியே இருந்துவிடவில்லை. பெங்களூரு பக்கத்தில் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒற்றை அடுக்குச் சம்பங்கியையும் இரட்டை அடுக்குச் சம்பங்கியையும் கலந்து "ஸ்ருங்கார்" என்ற ரகத்தைக் கொடுத்தது. பிறகு ஸ்ருங்காரோடு "மெக்ஸிகன் சிங்கிள்" என்ற ரகத்தைக் கலந்து "பிரஜ்வல்" வந்தது. மொட்டில் லேசான இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. தமிழ்நாட்டுச் சம்பங்கி விவசாயிகளிடம் பிரஜ்வல் என்று சொன்னால் உடனே தெரியும்.

பிரஜ்வல் ஏன் ஜெயித்தது? அதைக் கலந்தவர்கள் உதிரிப்பூவை மனதில் வைத்துக் கலந்தார்கள். ஐரோப்பாவில் பூ என்றால் நீளத் தண்டு, ஜாடி, பூங்கொத்து. இங்கே பூ என்றால் எடை போட்டு விற்கும் உதிரிப்பூ, நார், சரம், மாலை. தண்டு எவ்வளவு நீளம் என்பது இங்கே யாருக்கும் தேவையில்லை. மொட்டு கனமாக இருக்கிறதா, கட்டும்போது உடையாமல் இருக்கிறதா, மணம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் திசு வளர்ப்பு லேப்களில் பூ என்றாலே பெரும்பாலும் பேசுவது ஜெர்பரா, கார்னேஷன், ஆர்க்கிட், ஆந்தூரியம். அவையெல்லாம் அழகுதான், ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களில் லாபமும் கொடுக்கலாம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் ஜெர்பரா போட ஒரு சின்ன விவசாயி பசுமைக்குடிலுக்குக் கடன் வாங்க வேண்டும். கன்றையும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். ரகம் வெளிநாட்டுக் கம்பெனியுடையதாக இருந்தால் அதற்கு ராயல்டியும் கன்று விலைக்குள் ஒளிந்திருக்கும். முகூர்த்தம் இல்லாத வாரத்தில் வாங்க ஆள் இருக்காது. கோவில் மாலையில் அதற்கு இன்னும் இடமும் இல்லை.

மல்லியின் கதை இன்னும் சிக்கலானது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் கோடையில் கொட்டிக் கிடக்கும் மல்லி, மார்கழி தை மாதங்களில் கிலோ ஆயிரங்களைத் தொடுகிறது. பனிக்காலத்தில் பூக்கும் ஒரு குண்டுமல்லி இருந்தால் விவசாயியின் வருமானமே மாறிவிடும். ஏன் வரவில்லை? குண்டுமல்லியில் காய் பிடிப்பதே மிக அரிது. காய் இல்லையென்றால் விதை இல்லை, விதை இல்லையென்றால் கலப்பு இல்லை. அதனால்தான் தலைமுறை தலைமுறையாகக் குச்சியும் பதியனும். முல்லையிலும் பிச்சியிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2 என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. குண்டுமல்லியில் கலப்பு என்பது இன்னும் கடினமான கணக்கு. சோதனைக் குழாய் மகரந்தச் சேர்க்கை, கரு மீட்பு இவற்றுக்கெல்லாம் சரியான வேலை இங்கேதானே இருக்கிறது?

மறுப்புகள்

"கலப்பினம் என்றால் மணம் போய்விடும்" என்பார்கள். இது வெறும் பயம் இல்லை. கடை ரோஜாவை முகர்ந்து பாருங்கள், பல ரோஜாக்களில் ஒன்றுமே இருக்காது. காரணம், நிறத்துக்கும் தண்டுக்கும் லாரிப் பயணத்துக்கும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், மணத்தை யாரும் பார்க்கவில்லை. குற்றம் கலப்பில் இல்லை, தேர்வில். மணத்துக்கு முதல் மார்க் என்று வைத்துத் தேர்ந்தெடுத்தால் மணம் நிற்கும்.

"எல்லாச் செடியும் ஒரே செடி என்றால் ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகாதா?" இதுவும் நியாயமான கேள்வி. குரோ மிஷல் என்ற வாழை ஒரு காலத்தில் உலகச் சந்தையையே ஆண்டது. பனாமா வாடல் நோயால் 1950-களிலும் 60-களிலும் அது சந்தையை விட்டே போனது. அதனால் ஒரே ஒரு ரகத்தை லட்சக்கணக்கில் பெருக்குவது புத்திசாலித்தனம் இல்லை. புதுக் கலப்புகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், பழைய நாட்டு ரகங்களையும் எங்காவது காப்பாற்றி வைக்க வேண்டும்.

"பாட்டிலில் வளர்ந்தால் குணம் மாறாதா?" மாறலாம். ரொம்ப முறை பிரித்துப் பிரித்து வைத்தால் சில செடிகள் தாயைப் போல இருக்காது. அதனால்தான் 2006-லிருந்து மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றிதழ் முறை வைத்திருக்கிறது. கன்று வாங்கும் விவசாயி அந்தச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

"கம்பெனிக்காரன் ரகத்தைப் பூட்டி வைத்துக்கொள்வானே?" இதற்கு 2001-ல் வந்த பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் விவசாயி தன் நிலத்தில் எடுத்த விதையைச் சேமிக்கலாம், திரும்ப விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். பிராண்ட் பெயர் போட்டு விற்க மட்டும் கூடாது. விவசாயி உருவாக்கிய ரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர் பெயரில் ஒரு சம்பங்கி ரகம் பதிவானால் எப்படி இருக்கும்!

என்ன செய்யலாம்?

இந்தப் பகுதிக்குப் பயிர் ரகம் உருவாக்குவது புதுசு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று ஆரம்பிக்கும் பருத்தி ரகங்களில் அந்த எழுத்துகள் இந்த ஊரின் பெயர்தான். ராஜபாளையம் மில்களுக்குப் பருத்தி வேண்டும் என்ற தேவை இருந்தது, அதற்கேற்ற ரகம் வந்தது. கோவில்கள், கல்யாணங்கள், தினசரி தலைச்சரம் என்று பூவுக்கும் இங்கே தேவை இருக்கிறது. ஆளும் இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் பயோடெக்னாலஜி படிப்பு இருக்கிறது, சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் தாவரவியல் இருக்கிறது. மேற்கே மலையில் காட்டுமல்லி வகைகள் இருக்கின்றன. அவற்றை யாரும் போய்ப் பிடுங்கிவர வேண்டாம், வனத்துறை அனுமதியோடு நாலு குச்சி போதும்.

கல்லூரி புராஜெக்ட்களில் வருடா வருடம் நடப்பது என்ன? ஏற்கெனவே நூறு பேர் செய்துவிட்ட செடியையே திரும்பப் பாட்டிலில் வைத்து, போட்டோ எடுத்து, ரிப்போர்ட் பைண்டிங் போட்டு, வைவா முடிந்ததும் பாட்டிலைக் கழுவி வைத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அதற்குப் பதில் ஒரு பேட்ச் சம்பங்கியில் கலப்பு செய்யட்டும். அடுத்த பேட்ச் விதையை முளைக்க வைக்கட்டும். அதற்கடுத்த பேட்ச் பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். நாலாவது பேட்ச் வரும்போது பாட்டிலுக்கு வேலை வரும். அப்போது பெருக்குவதற்கு ஒரு உருப்படியான செடி கையில் இருக்கும்.

தேர்ந்தெடுக்கும் குழுவில் பேராசிரியர் மட்டும் இருந்தால் போதாது. கோவில் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டும் அம்மாக்கள் நாலு பேர் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தக் காம்பு நாரில் நிற்கும், எந்த மொட்டு சாயங்காலத்துக்குள் பழுத்துவிடும், எந்தப் பூ தண்ணீர் தெளித்தால் கறுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மைக்ரோஸ்கோப்புக்கும் தெரியாது. அவர்களுடைய ஒரு நாள் கூலியே மாலைக்குள் வாடாத பூவை நம்பித்தான் இருக்கிறது. இன்னும் நாலு மணி நேரம் வாடாமல் இருக்கும் ஒரு ரகம் வந்தால், பேப்பரில் கட்டுரை வருவதற்கு முன்பே அவர்கள் கூடையில் அதன் பலன் தெரிந்துவிடும்.

நாலு வருடம், ஒரு சின்ன நிழல்வலைக்குடில், கொஞ்சம் அகார், நிறையப் பொறுமை. செலவு இவ்வளவுதான். மெக்ஸிகோவிலிருந்து வந்த பூவுக்கே ஆண்டாள் மாலையில் இடம் கிடைத்தது. பக்கத்து ஊர் மாணவர்கள் உருவாக்கும் பூவுக்குக் கிடைக்காமலா போய்விடும்? அடுத்த புராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.